பலகையில் நோப்ரெகா

முதல் தடவை வந்தபோது அந்த ஆள் கடைக்குள் வரவே இல்லை. எதிர்ச் சாரியில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி எங்கள் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கருவாடு அறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கருவாடு கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். கத்தி எடுபடாது, மின்ரம்பத்தில் கொடுத்துத்தான் துண்டு போட வேண்டும். ரம்பம் ஓடுகிறபோது தலையைத் திருப்பினால் விரல் போய்விடும். அதனால் நான் பார்க்கவில்லை. பார்த்தவள் என் மனைவி சுல்மிரா. அவள் கண்ணுக்குத் தப்பி இந்த லாம்பெத் தெருவில் ஒரு ஈ பறக்க முடியாது.

"யோவ் மனுஷா, ரம்பத்த நிறுத்து. எவனோ நம்ம பலகையப் போட்டோ எடுக்கறான்."

எங்கள் தெருவில் பலகையைப் போட்டோ எடுக்கிறவர்கள் இரண்டே வகை. ஒன்று நகரசபைக்காரன், இன்னொன்று வாடகையை ஏற்றப்போகிற கட்டடக்காரன் அனுப்பும் ஆள். ஆசைக்காக ஒருவன் கருவாட்டுக் கடைப் பலகையைப் படம் எடுப்பான் என்று நினைக்க எங்களுக்கு என்ன பைத்தியமா? நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் ஆள் பேருந்தில் ஏறிவிட்டார்.

பலகையில் பெரிய எழுத்தில் 'நோப்ரெகா' என்று இருக்கும். அது என் பெயர் இல்லை. நான் ஃப்ரெய்தாஸ். கடையை முதலில் வைத்தவர் சுல்மிராவின் சித்தப்பா, பெயர் அவர்கள் வீட்டுப் பெயர். தெருவில் எல்லோரும் என்னையும் "நோப்ரெகா ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் திருத்தினேன். பிறகு வாய் வலித்தது. இப்போது யாராவது நோப்ரெகா என்றால் சும்மா திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பொண்டாட்டி பெயரில் பிழைப்பவன் என்று நண்பன் நொர்பெர்ட்டோ கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஆள் உள்ளேயே வந்துவிட்டார். நெட்டையான உடம்பு, தொப்பி, இஸ்திரி கலையாத கோட்டு. நல்ல கறுத்த நிறம், நரைத்த சுருட்டை முடி. முதியவர்களுக்குத் தருகிற பேருந்து அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். அதில் வைபர்ட் நோப்ரெகா என்று இருந்தது.

"என் பேர மேல இவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்கீங்களே," என்றார் சிரித்துக்கொண்டே. "எனக்கு எதுவும் பங்கு கிடங்கு உண்டா?"

அது தமாஷ் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் சுல்மிராவிடம் பங்கு என்ற சொல்லைத் தமாஷுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அவள் அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. முன்பக்கம், பின்பக்கம். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க பேரு இருக்கு. எங்க மூஞ்சி இல்லயே சார்."

அந்த மனுஷர் கோபப்படவில்லை. கயானாவில் பிறந்தவராம், சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அப்பாவின் அப்பா போர்ச்சுகலைச் சேர்ந்த எங்கள் மதேய்ரா தீவிலிருந்து அங்கே கரும்புக் காட்டுக்குப் போனவர். அம்மாவழியில் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், முகமும் நிறமும் அங்கிருந்து வந்தவை. மனைவி இறந்த பிறகு பொழுது போகாமல் ஒரு வேலையை எடுத்துக்கொண்டாராம். பிரிட்டனில் எங்கெங்கே நோப்ரெகாக்கள் இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்க்கிற வேலை.

பொய்யோ நிஜமோ, பேச்சு ருசியாக இருந்தது. நோப்ரெகா என்பது போர்ச்சுகலின் வடக்கே மலைப்பக்கம் இருக்கிற ஒரு சீமையின் பெயராம். "ஊர்லயே இருந்தவன யாரும் ஊர்ப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டான். விட்டுட்டு வந்தவனுக்குத்தான் அது ஒட்டிக்கும். அப்ப நம்ம எல்லாருமே விட்டுட்டு வந்தவனோட பிள்ளைங்கதான்," என்றார். வடக்கிலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து உலகம் பூராவும். இந்த நாட்டில் எங்கள் லாம்பெத்தில்தான் கூட்டம் அதிகம் என்றார். ஜெர்சித் தீவின் ஓட்டல்களில் படுக்கை விரிக்கிற நோப்ரெகாக்கள், நார்ஃபோக்கில் கோழி உரிக்கிற நோப்ரெகாக்கள், போர்ன்மத் சமையல்கட்டுகளில் சிலர். இவர்கள் எல்லோரும் தீவிலிருந்து நேராக வந்தவர்கள். கயானா சுற்றி வந்த இவருடைய ஆட்கள் குரோய்டனிலும் டாட்டன்ஹாமிலும். ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் தன்னந்தனியாக ஒரு நோப்ரெகா தபால்காரராக இருக்கிறாராம். படகு பிடித்து, மழையில் நனைந்து அவரைப் பார்க்கப் போனாராம். அந்தத் தபால்காரர் கதவையே திறக்கவில்லை.

"நாம மட்டும் எதுக்குத் திறக்கணும்?" என்றாள் சுல்மிரா எங்கள் மொழியில், என்னைப் பார்த்து.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். கருவாடு வாங்குவார். எப்படி ஊறவைப்பது என்றுகூடத் தெரியாது, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாங்கிவிட்டுப் போகாமல் நிற்பார். தீவில் உங்களுக்கு எந்தப் பக்கம், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், உங்கள் பழைய வீடு இன்னும் இருக்கிறதா, இப்போது அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் சொந்தம் தேடி வருகிறவன் கேட்கிற கேள்வியும் நிலத்தின் மேல் கண் வைத்தவன் கேட்கிற கேள்வியும் ஒரே கேள்வி. சுல்மிரா எல்லாவற்றுக்கும் "ஆமா", "இல்ல", "தெரியாது" என்று கத்தரித்துக்கொண்டே வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்து வைத்தார். பன்றிக்கறியைப் பூண்டும் வினிகரும் போட்டு ஊறவைத்தது. கயானாவில் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் காலையில் இதைப் பொரித்துச் சாப்பிட்டால்தான் பண்டிகையாம். மூடியைத் திறந்தேன். என் அம்மாவின் அடுக்களை வாசனை குப்பென்று அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூடுய்யா," என்றாள் சுல்மிரா. "இந்த ஆள் யார்கிட்டயோ கேட்டுக் கத்துக்கிட்டு வந்திருக்கான். நம்மள மயக்கப் பாக்கறான். இதுல ஒரு துண்டு உன் வாயில போச்சுன்னா அப்புறம் இருக்கு உனக்கு."

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் பண்டிகை கழிந்து பார்த்தபோது ஜாடி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அவளிடம் கேட்க எனக்கு என்ன தலையெழுத்தா?

புது வருஷம் பிறந்ததும் தீவிலிருந்து அவள் அண்ணன் பெல்மிரோ போன் செய்தான். அதற்காகத்தான் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். சுல்மிராவின் பூர்வீக வீடு மலைச்சரிவில் இருக்கிறது. வண்டி போகாது, படி ஏறித்தான் போக வேண்டும். அவள் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது. அதை விற்றுவிட்டு, ரிபெய்ரா பிராவாவில் கடல் பக்கமாகத் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்கி, கடையை மூடிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும். இதுதான் எங்கள் ஒரே ஆசை. உப்பு ஏறி ஏறி என் விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. இன்னொரு குளிர்காலம் இந்த ரம்பத்தோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. இப்போது ஒரு ஜெர்மன் தம்பதி அந்த வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் நிற்கிறார்கள்.

"எல்லாம் சரிதான், பட்டாதான் இடிக்குது," என்றான் பெல்மிரோ. "இன்னும் கொள்ளுத் தாத்தா பேர்லயே கிடக்கு. யாருமே பாகம் பிரிக்கல. அவருக்கு ரெண்டு பசங்க. நம்ம தாத்தா சின்னவரு. பெரியவரு டெமராராவுக்குக் கப்பல் ஏறிப் போனாரு பாரு, அவரு வகையறா யாராவது இருக்காங்களான்னு நோட்டரி கேட்டான்."

டெமராரா என்பதுதான் கயானாவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் பெயர்.

"நீ என்ன சொன்னே?" என்றாள் சுல்மிரா.

"அங்க போய்க் காய்ச்சல்ல செத்துட்டாரு, வம்சம் கிடையாதுன்னு சொன்னேன். மூணு பேர் சாட்சி சொல்லத் தயாரா இருக்காங்க. ஒருத்தனும் வந்து நிக்கப் போறதில்ல. நீ ஒண்ணும் பயப்படாத. வந்து கையெழுத்து மட்டும் போடு."

சுல்மிரா போனை வைத்துவிட்டு அப்படியே மீன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமக்காரன்," என்றாள். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கான். அந்த வீடு இன்னும் இருக்கான்னு எதுக்குக் கேட்டான்? சொல்லு, எதுக்குக் கேட்டான்?"

நொர்பெர்ட்டோ எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினான். அவன் லிஸ்பன்காரன், தீவுக்காரர்கள் எல்லோரும் நிலப் பைத்தியம் என்பது அவன் கட்சி. "வக்கீல் அனுப்பின ஆளா இருக்கும். இப்பல்லாம் இதே தொழிலா அலையறானுங்க. அவன் ஒருத்தன்னா பரவாயில்ல, பின்னாடி குரோய்டன்ல ஒரு கூட்டம், கனடாவுல ஒரு கூட்டம். அத்தன பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள ஜெர்மன்காரன் கிழவனாகிச் செத்தே போயிடுவான்," என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கும் அன்றைக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது, ஏன் மறைக்க வேண்டும்? கணக்குப்படி பார்த்தால் பெரியவர் வம்சத்துக்குப் பாதி. அந்த மனுஷர் கருவாடு எடுத்துப் போகும் பையைக்கூட உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். எதற்கு இவ்வளவு பெரிய பை? உள்ளே காகிதம் ஏதாவது இருக்குமோ? நாங்கள் போர்த்துகீசில் பேசும்போது அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். புரியாதவன் மாதிரி நடிக்கிறாரோ? ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் ஒருவன் தும்மினால்கூட அதில் ஒரு திட்டம் தெரியும்.

கடைசியில் சுல்மிராவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊரில் குடும்பப் பெயரை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பாதி ஊர் நோப்ரெகா, மீதி ஊர் ஃப்ரெய்தாஸ். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கோயில் பதிவில் இருக்காது, கல்லறையில் இருக்காது, வாயில் மட்டும்தான் இருக்கும். அப்பன் வாயிலிருந்து பிள்ளை காதுக்குப் போகும். வெளியாளுக்கு எந்த அலுவலகத்தில் தோண்டினாலும் கிடைக்காது.

"அதக் கேக்கறேன்," என்றாள். "முழிப்பான் பாரு. முழிச்சான்னா நம்ம வம்சம் இல்ல. அப்புறம் நிம்மதியாப் போய்க் கையெழுத்துப் போடலாம்."

சனிக்கிழமை வந்தது. அவர் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றி வைத்தார். நான் அவருக்கான துண்டை ரம்பத்தில் கொடுத்து, காகிதத்தில் சுற்றி மேசை மேல் வைத்தேன். சுல்மிரா மேசைக்கு அந்தப் பக்கம் பூண்டுக் கூடையை ஒழுங்குபடுத்துவதுபோல் நின்றாள்.

"ஏன் சார், எங்க பக்கம் எல்லா வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர் இருக்கும். உங்க வீட்ட என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" மிகவும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பட்டப்பேரா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். சுல்மிராவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அவர் சொன்னார். "அது பட்டப்பேரான்னு எனக்குத் தெரியல. எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா, 'எந்திரிங்கடா பலாயோ கூட்டமே'ன்னு கத்துவாரு. ஏதோ கெட்ட வார்த்தைன்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம். கடைசிக் காலத்துல எங்க எல்லாரோட பேரும் அவருக்கு மறந்துபோச்சு. என் பேரும் மறந்துபோச்சு. இது ஒண்ணு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பலாயோ, பலாயோன்னு."

நான் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

பலாயோ என்றால் கூடை. வெறும் கூடை, பிரம்பு முடைந்த பெரிய கூடை. சுல்மிராவின் முன்னோர் ஒருவர் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பித் திராட்சைக் கூடைக்குள் ஒளிந்துகொண்டார் என்பார்கள். பட்டாளத்துக்குப் பயந்து இல்லை, திருடிவிட்டு ஒளிந்தார் என்றும் சொல்வார்கள். எதுவோ, கூடை வீடு என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைக் குவித்து, கடைசி எழுத்தை இழுத்துக் கத்துவோம். பொடியன்களாக இருந்தபோது அவள் வீட்டைப் பார்த்து அப்படிக் கத்துவதுதான் எங்களுக்கு விளையாட்டு. அவள் கல்லால் அடிப்பாள். என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு அவள் கல்தான். அந்தப் பெயரை அவள் அவ்வளவு வெறுத்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள், சாகும்வரை அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிடக் கூடாது என்று. நானும் கூப்பிட்டதில்லை.

சுல்மிராவின் கண் அவர் முகத்திலேயே இருந்தது. 

"இல்ல சார்," என்றாள். "அப்படி ஒரு பேரு எங்க பக்கத்துல நான் கேள்விப்பட்டதே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

என்ன சொல்வேன்? கடல் பக்கத்து வீடு கண் முன்னால் வந்தது. விரல் வலித்தது. மேசையில் சிதறிய உப்பைக் கையால் கூட்டித் தள்ளினேன். தலையை ஆட்டினேன். இல்லை என்று அர்த்தம் வருகிற மாதிரிதான் ஆட்டினேன்.

"சரி. அப்ப நாங்க வேற நோப்ரெகா," என்றார் அவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "போகட்டும், அர்த்தமாவது சொல்லுங்களேன். உங்க மொழிதானே? பலாயோன்னா என்ன?"

இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? வீடில்லை, நிலமில்லை, ஒரு சொல்லுக்கு அர்த்தம். தெருவில் போகிற எந்தப் போர்ச்சுகல்காரக் குழந்தையும் சொல்லும்.

"தெரியல சார். எங்க மொழி மாதிரியே இல்ல," என்றாள் சுல்மிரா. அவள் இரண்டு கையும் பூண்டுக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தாரா, கூடையைப் பார்த்தாரா, இல்லை பூண்டைத்தான் பார்த்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகவும், இனிமேல் சனிக்கிழமைகளில் தொந்தரவு இருக்காது என்றும் சொன்னார். என்னிடம் கை நீட்டினார். என் கை முழுக்க உப்பு, அதையும் பாராமல் பிடித்துக் குலுக்கினார். போய்விட்டார்.

"பாத்தியா, எப்படிப் பாக்கறான்னு பாத்தியா?" என்றாள் சுல்மிரா, கதவு மூடியதும். "லீட்ஸாம். நேரா வக்கீல்கிட்டதான் போவான்."

"சுல்மிரா, பெரியவரோட பேரன்டி அவரு."

"அதனாலதான்யா பயமா இருக்கு!" என்று கத்தினாள். கண் கலங்கியிருந்தது. "வேற எவனோவா இருந்தா நான் எதுக்குப் பயப்படறேன்?"

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். கருவாட்டுப் பொட்டலம் அங்கேயே இருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டார். மறந்தாரோ, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாரோ. அதை எடுத்துக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வெளியே ஓடினேன். "விடுய்யா, போகட்டும்!" என்று அவள் பின்னால் கத்தினாள்.

அவர் அதற்குள் சாலையைக் கடந்து எதிர்ச் சாரி நிறுத்தத்துக்குப் போய்விட்டார். எனக்கு முதுகைக் காட்டி, பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தார். நடுவில் வண்டிகள் நின்றபாடில்லை. "வைபர்ட் சார்!" என்றேன், காதில் விழவில்லை. "நோப்ரெகா!" என்று கத்தினேன். காபிக் கடை வாசலில் நின்ற இரண்டு பேரும், சலவைக் கடைக்காரியும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. தூரத்தில் பேருந்து தெரிந்தது.

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இரண்டு கையையும் குவித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தொண்டையில் அந்தக் குரல் இருக்குமா என்றுகூடத் தெரியாது. கடைசி எழுத்தை இழுத்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பலா...யோஓஓ!"

அவர் திரும்பினார். தொப்பியைக் கழற்றி உயரத் தூக்கினார்.

அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னால், கடை வாசலிலிருந்து, மலைச்சரிவில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் குரல் கொடுக்கிற அதே இழுப்பில், என் மனைவி கேட்டாள்.

"என்னாஆஆ?"

திரும்பிப் பார்த்தேன். பூண்டுக் கூடை கையில் இருந்தது. திறந்த வாயை மூட மறந்து நின்றாள். சாலையில் பேருந்து வந்து, எங்களுக்கும் அவருக்கும் நடுவே நின்றது.